விக்ரம் மோதிய இடம்: முன், பின் என்ஏசி படங்களை ஒப்பிட்டால் பார்க்கிற புள்ளியெல்லாம் புதுசாகத் தெரியுது

நிலாப்பித்தன்:
2019 செப்டம்பர் 7-ல் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் மோதிய பகுதி (70.88° தெற்கு, 22.78° கிழக்கு). நிலாவைச் சுத்துற நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தின் என்ஏசி (குறுங்கோண) கேமரா எடுத்த படங்களில் மோதலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று இறக்கி, கிம்ப் படத்திருத்தியில் ரெண்டு லேயரா வச்சு மாத்தி மாத்திப் பாக்குறேன். ஓரம் பொருந்தினா நடு பொருந்தல. ஒரு படம் இடவலம் மாறியிருக்கு. வெள்ளைப் புள்ளிகள் நூத்துக்கணக்கில். எங்க தப்பு?

குழிக்கணக்கு:
மூலக் கோப்பை அப்படியே ஒட்டினா இதுதான் நடக்கும். என்ஏசி வரி வரியா எடுக்குற கேமரா. கலத்தின் சாய்வு, உயரம், வேகம் எல்லாம் படத்துக்குப் படம் மாறும், படம் இழுபடுற அளவும் மாறும். கிம்ப்பில் நீட்டிச் சரிபண்ண முடியாது.

கோள்களின் படங்களைச் சீராக்குற ஐசிஸ் மென்பொருள் நிறுவி, அதோட கட்டளைகளை இந்த வரிசையில ஓட்டுங்க: எல்ரோநாக்2ஐசிஸ், ஸ்பைஸ்இனிட், எல்ரோநாக்கேல், எல்ரோநாக்எக்கோ, கடைசியா கேம்2மேப். ஸ்பைஸ்இனிட்ல வெப்=யெஸ் கொடுத்தா பெரிய கெர்னல் கோப்புகளை (கலத்தின் இருப்பிடம், சாய்வு பத்தின தரவு) இறக்க வேண்டாம். மேப் கோப்பில் துருவ ஸ்டீரியோகிராஃபிக் (துருவத்தை நடுவில் வச்சு வரையுற வரைபட முறை), மைய அட்சரேகை -90. முதல் படத்தை முடிச்சிட்டு, ரெண்டாவதுக்கு அந்த வெளியீட்டையே மேப்பா கொடுத்து மேட்ச்மேப்=ட்ரூ போடுங்க. இதை விட்டா ரெண்டும் வேற வேற பிக்சல் அளவில் வந்து நிக்கும், திரும்பவும் அதே தலைவலி. இதுக்கப்புறமும் சில மீட்டர் விலகல் இருக்கும். சின்னக் குழிகள் நாலஞ்சை வச்சு நகர்த்திக்கலாம்.

சாய்வொளி:
புள்ளிகளுக்குக் காரணம் வேற. சூரியக் கோணம் பாத்தீங்களா? படுகோணம் (தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் சாய்ஞ்சிருக்குற அளவு) 84° இருந்தா ஒரு மீட்டர் கல்லோட நிழல் ஒன்பதரை மீட்டர் நீளும். 72°-ல மூணு மீட்டர்தான். 2019 செப்டம்பர் 17-ல் எடுத்த படத்தொகுப்பு 84°, பிக்சல் 1.3 மீட்டர். நவம்பர் படம் 72°, 0.7 மீட்டர். இது ரெண்டையும் எதிரெதிரா வச்சா பழைய பாறையெல்லாம் புதுசாத்தான் தெரியும். படுகோணம் நாலஞ்சு டிகிரிக்குள்ளயும், சூரியன் வர்ற திசை ஒண்ணாவும் இருக்குற ஜோடியாத் தேடுங்க. படத்தோட வர்ற விவரக் குறிப்பில் சம்மிங் (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்க்குறது) மதிப்பு 2-ன்னு இருந்தா அந்தப் படத்தை ஒதுக்கிடுங்க, அகலவாக்கில் பாதி விவரம் போயிருக்கும்.

நிலாப்பித்தன்:
பொருந்திடுச்சு! ஜோடியும் மாத்திட்டேன், இப்ப புள்ளிகள் இருபதுக்குள்ள வந்துடுச்சு. இதுல எதை நம்புறது?

சாய்வொளி:
ஒரே படத்தில் மட்டும் தெரியுற ஒத்தைப் பிக்சல் பெரும்பாலும் இரைச்சல், இல்லன்னா காஸ்மிக் கதிர் பட்டது. மோதலுக்குப் பிந்தைய இன்னொரு படத்திலும் அதே இடத்தில் நிக்கணும், முந்தைய எதிலும் இருக்கக் கூடாது. பிறகு பின்-படத்தை முன்-படத்தால் வகுத்துப் பாருங்க: பாறை மறைஞ்சிடும், மோதலில் கிளறின மண் வெளிரியோ கருத்தோ விசிறியாத் தெரியும்.

அதுக்காக ஒத்தைப் பிக்சலை இளக்காரமா நினைக்காதீங்க. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்ரமணியன் முதல்ல பிடிச்சது செப்டம்பர் படத்துல இருந்த ஒரே ஒரு வெளிச்சப் பிக்சலைத்தான். அது மோதின இடத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர்ல கிடந்த சிதைவு. எல்ஆர்ஓ குழு அக்டோபர், நவம்பர் படங்களோட ஒப்பிட்டுத்தான் டிசம்பர் 2-ல் அறிவிச்சாங்க.

குழிக்கணக்கு:
கண்டுபிடிச்சதை எல்ஆர்ஓ குழுவுக்கு அனுப்புறதுன்னா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. படத்தோட எம் எண் (எம்-ல தொடங்குற படப் பெயர்), புள்ளி இருக்குற வரி, சாம்பிள் (நெடுவரிசை), அட்ச தீர்க்கரேகை, ஒப்பிட்ட முந்தைய படத்தோட எண், இத்தனையும் எழுதுங்க.