பாடசாலைப் பச்சைச் சுவர்: மேல்வரிசை காய்கிறது, கீழ்வரிசை அழுகுகிறது. என்ன செய்யலாம்?

கோண்டாவில் ரீச்சர்:
வணக்கம். எங்கள் ஆரம்பப் பாடசாலையின் உள்மண்டபச் சுவரில் பச்சைச் சுவர் பூட்டியிருக்கிறோம். தும்புத்தூள் நிரப்பிய சாடிகள், முழுக்க மணிபிளாண்ட். அடியில் தொட்டி. மோட்டர் தண்ணீரை மேலே ஏற்றும், வடிவது திரும்பத் தொட்டிக்கே வரும். குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவோம். இப்போது மேல்வரிசை காய்கிறது, கீழ்வரிசை அழுகுகிறது, நடுவில் குருத்தெல்லாம் மஞ்சள். பூட்டித் தந்தவர்கள் உரம் போடச் சொன்னார்கள். போட்டும் மாற்றமில்லை.

உரும்பிராய்த் தோட்டம்:
மஞ்சள் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா ரீச்சர்? சொட்டுக் குழாய் வாயில் வெள்ளைப் படிவு உண்டா?

கோண்டாவில் ரீச்சர்:
இரண்டும் உண்டு.

உரும்பிராய்த் தோட்டம்:
அப்ப தண்ணீர்தான் காரணம். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலைத் திறந்து பார்த்தாலே தெரியும். சுற்றி ஓடும்போது நீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பும் உப்பும் தொட்டியிலேயே தங்கும். அதற்குமேல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டுதான் போகும். மேல்வரிசை வாய்கள் அடைபட, அந்தப் பங்கும் கீழ்வரிசைக்குப் போகிறது. காரத்தன்மை கூடினால் வேரால் இரும்பை எடுக்க ஏலாது, அதுதான் குருத்து மஞ்சள். சாதாரண இரும்புச் சல்பேற்று இந்தத் தண்ணீரில் கரைந்து நிற்காது, காரத் தண்ணீரிலும் கரைந்தே நிற்கும் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகைக் கீலேற்று இரும்பு கேட்டு வாங்குங்கள்.

சொட்டு வாய்களைக் கழற்றி இரவு முழுக்க வினாகிரியில் ஊறவிடுங்கள். தொட்டியைக் கிழமைக்கு ஒருமுறை முழுதாக வெறுமையாக்கி மழைநீர் விடுங்கள். மாரியில் கூரைப் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கனகாலம் வரும். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், கூரை அழுக்கு.

நல்லூர் அண்ணா:
வெறுமையாக்கும்போது தொட்டியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. மேலே நுண்வலை கட்டாயம். பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் அங்கேதான் ரோர்ச் அடிப்பார்.

இன்னொன்று, மணிபிளாண்ட் இலையில் கல்சியம் ஒட்சலேற்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். கைக்கு எட்டும் வரிசைக்கு அது வேண்டாம்.

கோண்டாவில் ரீச்சர்:
ஐயோ, முதலாம் வகுப்பு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது! அங்கே என்ன வைக்கலாம்?

நல்லூர் அண்ணா:
ஸ்பைடர் பிளாண்ட், இல்லாவிட்டால் பொஸ்டன் பன்னம். இரண்டிலும் நஞ்சில்லை. கீழே ஈரம் கூட நிற்பதால் பன்னமே நல்லது.