சோங்னே ஃபியார்டு உள்ளே ஆழமாகவும் கடல்வாயில் ஆழம் குறைந்தும் இருப்பது ஏன்?

கேள்வி: மலைநாடன்

வணக்கம். நார்வேயின் சோங்னே ஃபியார்டு ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவுக்கு நிலத்துக்குள் நீண்டு செல்கிறது. அதன் உட்பகுதியில் ஆழம் சுமார் 1,300 மீட்டர்; திறந்த கடலைச் சேரும் இடத்திலோ 200 மீட்டருக்கும் குறைவு. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உருவானதே ஃபியார்டு என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அப்படியானால் பள்ளத்தாக்கின் தரை கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே அல்லவா போக வேண்டும்? மலையிலிருந்து இறங்கி வந்த பனி, கடைசியில் ஆயிரம் மீட்டர் மேடு ஏறியது எப்படி?

மறுமொழி: கல்வெட்டாங்குழி

பனியாற்றை நீரோடும் ஆறாகவே எண்ணுவதால் வரும் குழப்பம் இது. ஆறு தன் படுகையில் ஆழமான குழியைச் சந்தித்தால், அங்கே வேகம் இழந்து, கொண்டுவந்த மணலையும் வண்டலையும் இட்டு அக்குழியைத் தூர்த்துவிடும். பனி அப்படிச் செய்வதில்லை. அதன் ஓட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மேற்பரப்பின் சாய்வுதான்; மேற்பரப்பு கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும் வரை, அடித்தரை எதிர்த்திசையில் உயர்ந்தாலும், பின்னாலுள்ள பனியின் எடை முன்னாலுள்ளதைத் தள்ளி மேடேற்றிவிடும்.

குடையும் வேலை அடியில் நடக்கிறது. உருகிய நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து உறைய, நகரும் பனி அந்தப் பாறைத் துண்டுகளைப் பெயர்த்து எடுத்துச் செல்கிறது. பனியின் அடியில் பதிந்த அதே துண்டுகள், உப்புத்தாளில் ஒட்டிய மணல் மரத்தை இழைப்பதுபோல, தரையைத் தேய்க்கின்றன. சோங்னேயின் உட்பகுதியில் பல கிளைப் பள்ளத்தாக்குகளின் பனி ஒன்றுகூடி, உயர்ந்த மலைச் சுவர்களுக்கிடையே நெருக்கப்பட்டதால், அங்கே அது தடித்து விரைந்து ஓடியது. கடற்கரையை அடைந்ததும் அந்தச் சுவர்கள் இல்லை. பனி இருபுறமும் பரந்து மெலிந்தது, குடையும் ஆற்றலும் குறைந்தது. சுமார் 26 லட்சம் ஆண்டுகளில் பலமுறை பனி வளர்ந்து பின்வாங்கியபோதெல்லாம் இதே வேலை, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கின் தடத்திலேயே, திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

மறுமொழி: வடதிசை

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஃபியார்டு வாயிலில் உள்ள மேடு எல்லாமே பனியாறு கொட்டிய கல்லும் மண்ணுமான மொரைன்தான் என்று பலர் எழுதுகிறார்கள். சில ஃபியார்டுகளில் அது உண்மை. சோங்னேயில் இருப்பதோ பெரும்பாலும் குடையப்படாமல் எஞ்சிய அடிப்பாறை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் நீங்கள் கேட்ட கேள்வியே மறைந்துபோகும்.

மொரைன் சான்றுக்குச் சிறந்த இடம் தென்மேற்கு நார்வேயின் லீசே ஃபியார்டு அருகே இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்மேட்டை ஆதாரமாகக் காட்டி, ஒரு காலத்தில் பனி கடல்மட்டம் வரை இறங்கியிருந்தது என்று யென்ஸ் எஸ்மார்க் என்ற நிலவியலாளர் 1824-இல் எழுதினார். பனியுகம் என்றதும் எல்லோரும் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் லூயி அகாசியின் பெயரையே சொல்கிறார்கள். அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதிய எஸ்மார்க்கையும் நம் பாடநூல்கள் குறிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலைநாடன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால், ஃபியார்டுச் சுவர்களின் உச்சியிலிருந்து நேரே கீழே விழும் அருவிகளுக்கும் இதுவே காரணமா?

மறுமொழி: கல்வெட்டாங்குழி

ஆம். கிளைப் பனியாறுகள் மெலிந்தவை. முதன்மைப் பனியாறு தோண்டிய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. இருவற்றின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இணைந்திருந்த காலத்தில் அடித்தரைகளின் வேறுபாடு வெளியே தெரிந்திருக்காது. பனி உருகிய பிறகு கிளைப் பள்ளத்தாக்கின் வாய் சுவரின் நடுவே அந்தரத்தில் நின்றுவிட்டது. அதனால்தான் அதைத் தொங்கு பள்ளத்தாக்கு என்கிறோம். சோங்னேயின் கிளையான நேரோய் ஃபியார்டின் படங்களைப் பாருங்கள், இரு கரையிலும் அத்தகைய வாய்களைக் காணலாம்.