நியூரோகிளியாவுக்குப் ‘புரவணு’: முன்மொழிவும் மறுப்புகளுக்கு விடையும்

அன்பர்களுக்கு வணக்கம்.

நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் நியூரோகிளியா என்னும் உயிரணுத் தொகுதிக்கு நரம்புப்பசை, தாங்கணு, துணையணு, செவிலியணு ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாகப் ‘புரவணு’ என்னும் சொல்லை நான் முன்மொழிகிறேன். நியூரானுக்கு நரம்பணு என்ற பெயர் ஓரளவு வேரூன்றிவிட்டதால், அதனோடு இணையாக நிற்கக்கூடியதும், அந்த உயிரணுக்கள் செய்யும் வேலைக்குப் பொருந்துவதுமான ஒரு சொல்லே நமக்குத் தேவை என்று கருதுகிறேன்.

முதலில் பசை. இந்தப் பெயர் 1856இல் ருடால்ஃப் விர்ச்சோ சூட்டிய பெயரின் நேர் பெயர்ப்பு. மூளையில் நரம்புக் கூறுகளுக்கு இடையே ஓர் இணைப்புப் பொருள் நிரம்பியிருப்பதாக அவர் கண்டார். சன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்கத் தச்சர் அப்பும் மக்குக்குரிய ஜெர்மன் சொல்லையே அதற்கும் எடுத்தாண்டார். அக்காலத்துச் சாயங்களைக் கொண்டு அதற்கு மேல் காண்பது எளிதாக இருக்கவில்லை. 1873இல் கமில்லோ கொல்கி வெள்ளி உப்பால் திசுவைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டறிந்த பிறகுதான் ஒவ்வோர் உயிரணுவும் தன் கிளைகளோடு முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. சான்டியாகோ ரமோன் இ கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, நரம்பணுக்கள் தனித்தனி அலகுகள் என்று நிறுவினார். அவருடைய மாணவர் வழியில் வந்த பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1919இலும் 1921இலும் மேலும் இரண்டு வகை உயிரணுக்களைப் பிரித்துக் காட்டினார். ஆக, பசை என்று எண்ணப்பட்டது தனித்தனி உயிரணுக்களின் கூட்டம் என்பது தெளிவாகி நூறாண்டு கடந்துவிட்டது. கிளியா என்பதன் கிரேக்க வேருக்கும் பசை என்றே பொருள். அது பிறமொழியாளருக்கு மறைந்து நிற்பதால் அவர்களுக்கு இடர் இல்லை. தமிழில் பசை என்றால் பசைதான். மேலும், அறுபட்ட நரம்பின் முனைகளை ஒட்டுவதற்கு அறுவை மருத்துவர்கள் ஃபைப்ரின் பசையைப் பயன்படுத்துகிறார்கள். நரம்புப்பசை என்ற பெயரை அதற்கே விட்டுவிடுவது நல்லது.

தாங்கணு, துணையணு என்பவை பசையைவிட மேலானவை என்பதில் ஐயமில்லை. பள்ளிப் பாடநூல்களிலும் இவை துணைபுரியும் செல்கள் என்றே விளக்கப்படுகின்றன. ஆயினும் துணை என்னும் சொல், வேலை முழுவதையும் நரம்பணு செய்ய, மற்றவை பக்கத்தில் நிற்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மை நிலை அதுவன்று என்பதற்கு மையலின் உறையைச் சற்று நெருங்கிப் பார்த்தாலே போதும்.

இடுப்புப் பகுதியில் தண்டுவடத்துக்குள் இருக்கும் ஓர் இயக்க நரம்பணுவின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. ஆனால் பாடநூல்களில் ஆக்சான் எனப்படும் அதன் நரம்பிழை பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் செல்கிறது. அந்த இழை நெடுகிலும், புற நரம்புகளுக்குரிய நியூரோகிளியா வகையான சுவான் அணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இழையில் தனக்குரிய ஒரு துண்டை மட்டும் பற்றிக்கொண்டு, தன் சவ்வின் உள் ஓரத்தை இழைக்கும் முந்தைய சுற்றுக்கும் இடையே நுழைத்துச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. சுற்றுகள் கூடக்கூட இடையிலிருந்த உயிரணுச் சாறு பிதுங்கி வெளியேற, கொழுப்பு மிகுந்த சவ்வு அடுக்குகள் மட்டும் ஒன்றோடொன்று இறுகி மையலின் உறையாக எஞ்சுகின்றன. இரண்டு சுவான் அணுக்கள் சந்திக்கும் இடத்தில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு இழை உறையின்றி இருக்கும். அதுவே ரேன்வியர் கணு. மின்துடிப்புக்காகச் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் அந்தக் கணுக்களில்தான் செறிந்திருக்கின்றன. மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால் உறையுள்ள தடித்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் கடக்கிறது. உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். வாயில்கள் எங்கே செறிய வேண்டும் என்று இழைக்கு உணர்த்துவதில் உறையிடும் அணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. நரம்பணுவின் தனிச்சிறப்பாக நாம் கற்பிக்கும் விரைவு, பாதிக்கு மேல் இந்தச் சூழ்ந்திருக்கும் அணுக்களின் ஆக்கம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இதே பணியை ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் நியூரோகிளியா வகை செய்கிறது. சுவான் அணு ஒரு துண்டுக்கு மட்டுமே உறையிட, இது தன் கைகளை நீட்டிப் பல இழைகளில் ஐம்பது துண்டுகள் வரை உறையிடக்கூடியது. அதனால் இவ்வணு ஒன்று அழிந்தாலும் பல இழைகள் ஒருசேரப் பாதிப்படைகின்றன. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயில் உடலின் நோயெதிர்ப்பு தாக்குவது இந்த மையலினை. கில்லன் பாரே நோய்க்கூட்டின் பொதுவான வகையில் தாக்குண்பது புற நரம்புகளின் மையலின்.

விண்மீன் வடிவ நியூரோகிளியாவான ஆஸ்ட்ரோசைட்டின் பணி இன்னும் விரிந்தது. நரம்பணுக்கள் துடிக்கும்போது வெளியில் மிகும் பொட்டாசியத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. நரம்பணுக்கள் சந்திக்கும் நரம்பிணைப்பில் சுரந்த, செய்தி கடத்தும் பொருளான குளூட்டமேட்டை அள்ளியெடுத்துக் குளூட்டமினாக மாற்றி நரம்பணுவுக்கே திருப்பித் தருகிறது. அள்ளாமல் விட்டால் அதே குளூட்டமேட் நரம்பணுவைக் கொல்லும் நஞ்சாகும். குருதி நுண்குழாய்களைத் தன் பாதங்களால் மூடி நின்று குருதியிலுள்ளவை மூளைக்குள் கண்டபடி புகாமல் காக்கும் தடுப்பைப் பேணுவதும், இலட்சக்கணக்கான நரம்பிணைப்புகளைத் தொட்டு நிற்பதும் அதே அணுதான். இவ்வணுக்கள் இல்லாமல் வளர்க்கப்பட்ட விழித்திரை நரம்பணுக்கள் உயிரோடிருந்தும் அவற்றிடையே முறையான நரம்பிணைப்புகள் மிகக் குறைவாகவே உருவாயின என்று 1990களின் இறுதியிலும் அதையடுத்தும் நடந்த சோதனைகள் காட்டின. இத்தகைய ஒன்றைத் துணை என்று அழைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். இவை நரம்பணுக்களைப்போல் பத்து மடங்கு என்று பழைய நூல்கள் எழுதிவந்தன. 2009இல் வெளியான கணக்கெடுப்பின்படி மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. நரம்பணு அல்லாத உயிரணுக்களும் ஏறத்தாழ அதே அளவு. கலைக்களஞ்சியக் குறிப்பு எழுதுவோர் பத்து மடங்கை இனியும் எடுத்தெழுத வேண்டாம்.

செவிலியணு எனக்கு மிகவும் பிடித்த சொல். தாயல்லாத, ஆனால் ஊட்டி வளர்த்துக் காவல் நின்று கண்டிக்கும் உரிமையும் பெற்ற சங்கச் செவிலியை விடப் பொருத்தமான உருவகம் கிடைக்காது. தடை வேறு இடத்திலிருந்து வருகிறது. விந்தகத்தின் செர்டோலி அணுக்களையும், பழ ஈயின் சூலகத்தில் முட்டைக்கு ஊட்டமளிக்கும் அணுக்களையும் உயிரியல் ஏற்கெனவே செவிலி என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறது. ஒரே துறையில் ஒரே சொல் மூன்று இடங்களில் நிற்பது மாணவரைக் குழப்பும்.

புரத்தல் என்றால் காத்தல், பேணுதல், கொடுத்து வாழ்வித்தல். ஊட்டம், காவல், சூழலைச் செம்மையாக வைத்திருத்தல் ஆகிய மூன்றும் இந்த ஒரு வினைக்குள் அடங்குகின்றன. சொல் அரியதாக இருக்கிறது என்று அம்மையார் ஒருவர் கூறியிருந்தார். ஆனால் ஊர்ப்புற நூலகங்களின் சுவரில்கூடப் புரவலர் பெயர்ப்பலகை தொங்குகிறது. புரவலர் தெரிந்தவருக்குப் புரவணு விளங்கும். சோழர் கல்வெட்டுகளில் புரவு நிலவரியைக் குறிக்கிறதே என்று ஐயா ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான், ஆனால் புரவுவரித் திணைக்களம் இன்று வரலாற்று மாணவருக்கு மட்டுமே உரியது, உயிரியல் நூலில் அது குறுக்கிட வாய்ப்பில்லை.

எனக்கே உறுத்தலாக உள்ள மறுப்பு ரகர றகரக் குழப்பம். புறவணு என்று தவறி எழுதினால் வெளிப்புறத்து அணு என்று பொருள் மாறிவிடும். புற நரம்பு மண்டலம் என்ற தொடர் அருகிலேயே இருப்பதால் இந்தத் தவறு நிகழக்கூடியதே. இதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் முடிவு. முதன்முறை வரும் இடத்தில் ‘நரம்பணுவைப் புரக்கும் புரவணு’ என்று வினையோடு சேர்த்து எழுதினால் எழுத்து மனத்தில் பதிந்துவிடும்.

அணுவா, கலமா, செல்லா என்னும் பழைய வழக்கை இங்கே மீண்டும் திறக்க வேண்டாம். இலங்கைப் பாடநூல்கள் கலம் என்றே எழுதுகின்றன. அங்குள்ளோர் புரவுக்கலம் என்று வழங்கினால் இரு கரையினருக்கும் சொல் விளங்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மரபுக்கு உரியவர்கள் அவர்கள். தம் வழக்கை மாற்றிக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்பது முறையன்று.

வகைப்பெயர்கள்: ஆஸ்ட்ரோசைட் விண்மீன் புரவணு, ஆலிகோடென்ட்ரோசைட் சில்கிளைப் புரவணு, மைக்ரோகிளியா நுண்புரவணு. சுவான் அணு கண்டறிந்தவர் பெயராலேயே நிற்கட்டும். நுண்புரவணுக்கள் நரம்புத் திசுவில் தோன்றாமல், கருவின் மஞ்சட்கருப் பையில் பிறந்து மூளைக்குள் குடியேறும் நோயெதிர்ப்பு அணுக்கள் என்பதால் இவற்றைத் தனியே பிரிக்க வேண்டும் என்ற கருத்தும் வந்தது. பசை என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. காத்தல் என்ற பொருளில் புரவு நன்கு பொருந்துகிறது.

தமிழ்ச் சொல் எதற்கு, மருத்துவர்கள் ஆங்கிலத்தில்தானே பேசுகிறார்கள் என்ற கேள்விக்குத் தொழுநோயை விடையாகச் சொல்வேன். அந்நோயின் நுண்ணுயிரி சுவான் அணுக்களுக்குள் புகுந்து வாழ்வதால்தான் கைகால்கள் உணர்ச்சியை இழக்கின்றன. சூடான பாத்திரத்தைப் பிடித்தவருக்குச் சுட்டது தெரியாமல் புண் உண்டாகிறது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் அப்படி மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திய நெடிய மருத்துவ மரபு நமக்கு இருக்கிறது. நரம்பைப் புரக்கும் அணுவைக் கிருமி பற்றியிருக்கிறது என்று ஊர்ச் சுகாதாரப் பணியாளர் நோயாளியிடம் தமிழில் சொல்ல முடிய வேண்டும்.

எனக்கு முடிவு எட்டாதது ரேடியல் கிளியாவின் பெயர். கருவின் மூளையில் உட்குழியிலிருந்து வெளிப்பரப்பு வரை நீண்டு நிற்கும் இவ்வணுக்களைப் பற்றிக்கொண்டே இளம் நரம்பணுக்கள் மேலேறுகின்றன. இவ்வணுக்களே பிரிந்து நரம்பணுக்களை ஈனுகின்றன என்பது 2000ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஈனும் அணுவைப் புரவணு என்பது குறைவுபடக் கூறுவதாகுமோ, அல்லது ஆரப்புரவணு என்றே வைத்து ஈனும் பணியை வரையறையில் எழுதினால் போதுமோ என்பதைக் கருவியல் கற்பிக்கும் அன்பர்கள் சொல்ல வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.