கேமராவில் ஆள் தெரிகிறான், முகம் தெரியவில்லை

வாசலில் நின்ற சைக்கிள் காணாமல் போன அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக ரெக்கார்டிங்கை உட்கார்ந்து பார்த்தேன், அதுவும் கேமரா மாட்டி ஒன்றரை வருஷம் கழித்து. ஒருவன் வருகிறான், பூட்டை ஆட்டிப் பார்க்கிறான், அலுங்காமல் தூக்கிக்கொண்டு போகிறான். முகம் மட்டும் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. மாட்டிக் கொடுத்தவர் "முழு வாசலும் கவர் ஆகும் சார்" என்று அகலமாகக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தார். கவர் ஆனது உண்மைதான். ஆனால் 2 மெகாபிக்சல் படத்தில் குறுக்குவாட்டில் இருப்பதே 1920 புள்ளி. முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளியாவது வேண்டும் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஏழரை மீட்டர் அகலம்தான் தாங்கும். என் கேமராவோ கேட் இருக்கும் தூரத்தில் இருபது மீட்டரை அள்ளிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கூத்து: டிவிஆருக்குள், அதாவது ரெக்கார்டிங்கைச் சேமிக்கும் பெட்டிக்குள், இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் 2000 ஜனவரிக்குப் போயிருக்கிறது. என் சைக்கிள் திருடு போனது அந்த வருஷத்தில்தான்! இப்போது கேட்டுக்கு மட்டும் தலை உயரத்தில், குறுகலாக ஆனால் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ் கேமரா ஒன்று போட்டிருக்கிறேன்.

*

என் கதை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு "ஆள் நடமாட்டம்" என்று போன் அலறும், பதறி எழுந்து பார்த்தால் திரை முழுக்க வெள்ளை வெளேரென்று எட்டுக் கால். இருட்டில் படம் தெரியக் கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கில் பூச்சி மொய்க்கிறது, அதைப் பிடிக்கச் சிலந்தி வந்து லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டுகிறது. இழை அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வெளிச்சமெல்லாம் அதில் பட்டுத் திரும்பி, பின்னால் முற்றமே இருண்டுவிடும். கேமரா விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளித் தனி விளக்கு போட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. ஒட்டடைக் கம்பு இன்னமும் வாசல் மூலையிலேயே இருக்கிறது, அது வேறு விஷயம்.

*

கடை வைத்திருக்கிறேன். "ஒரு டிபி டிஸ்க், ஒரு மாசம் தாராளமா நிக்கும்" என்றார்கள், நம்பினேன். சரக்கு குறைவது தெரிந்து பத்து நாள் பின்னால் தேடினால் ஒன்றுமே இல்லை, பழையதை அழித்து அதன் மேலேயே எழுதியிருக்கிறது. அப்புறம்தான் தாளில் கணக்குப் போட்டேன். நொடிக்கு 4 மெகாபிட் ஓடினால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிபி, என் நான்கு கேமராவுக்கு 172, ஆக ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, ஆறு நாள்கூட முழுசாக வராது. இப்போது கல்லாவுக்கு மட்டும் முழு நேரம், மற்றதெல்லாம் அசைந்தால்தான் பதிவு.

சைக்கிள்காரரே, செட்டிங்ஸில் என்டிபி என்று இருக்கும், ஆன் செய்தால் இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டையும் பாருங்கள், 2016இல் மிராய் வைரஸ் கேமரா, டிவிஆர் என்று லட்சக்கணக்கில் புகுந்தது கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான்.

*

என்டிபி போட்டாயிற்று, நேரம் சரி. பாஸ்வேர்டு நீங்கள் சொன்ன பிறகுதான் போய்ப் பார்த்தேன். அட்மின், 12345.