மறு: ராட்டன் பரோ: "உளுத்த தொகுதி" சரியாக வருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ராட்டன் பரோ (rotten borough) என்பது, வாக்காளர் மிகச் சிலரே இருந்தும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிவந்த பழைய தொகுதி. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு "அழுகிய தொகுதி", "பாழ்த்தொகுதி" என்று இரண்டு சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. என் பரிந்துரை "உளுத்த தொகுதி". அத்தகைய தொகுதிகளில் ஒன்றான ஓல்டு சேரத்தின் கதையைப் பார்த்தால் காரணம் புரியும்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் மண்கரை சூழ்ந்த ஒரு மேடு அது. ஒரு காலத்தில் அதன்மேல் கோட்டையும் பேராலயமும் இருந்தன. 1220இல் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஊரும் மெல்ல மெல்ல இறங்கிப் போய்விட்டது. நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் 1832 வரை மேட்டிலேயே தங்கிவிட்டது. அங்கே வாக்கு ஆளுக்கு இல்லை, மனைக்கு. மனைக்காரர் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி. தேர்தலன்று வயலில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடுவார்கள், இரண்டு பெயரை அறிவிப்பார்கள், கலைந்துபோவார்கள். ஆலைகளால் பெருத்துக்கொண்டிருந்த மான்செஸ்டருக்கோ அப்போது ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

இந்த மேட்டை விலைக்கு வாங்கிய தாமஸ் பிட் நமக்குத் தெரிந்தவர்தான். 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர், பெரிய வைர வியாபாரி. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்டு சேரம் வழியாகத்தான். அதே வில்லியம் பிட் 1766இல் இத்தகைய தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்று பேசினார். தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அழுகிய" என்பதற்கு இது வலுவான ஆதாரம், மறுக்கவில்லை. ஆனாலும் தமிழில் அழுகல் என்றால் நாற்றமடிக்கும், பார்த்ததும் தெரியும். உளுத்தல் அப்படியில்லை. பழைய வீட்டு விட்டத்தைப் பாருங்கள். வெளியே எண்ணெய்ப் பளபளப்பு அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து மாவாகக் கொட்டும். ஓல்டு சேரத்தில் தொகுதிப் பெயர், தேர்தல், இரண்டு உறுப்பினர்கள் எல்லாம் இருந்தன. குடியிருந்து வாக்களிக்க ஓர் ஆள் இல்லை.

"பாழ்த்தொகுதி" ஓல்டு சேரத்துக்குப் பொருந்தும். ஊரின் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்த டன்விச்சுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் அடியோடு நீக்கிய 56 தொகுதிகளில் மக்கள் வாழ்ந்த ஊர்களும் இருந்தன. பாழ் என்றதும் படிப்பவர் மனதில் வெறும் பொட்டல்தான் வரும்.

அப்புறம், பாக்கெட் பரோவை இதோடு குழப்பக் கூடாது. அது ஒரு நிலக்கிழாரின் பிடியில் இருந்த தொகுதி, ஊர் செழிப்பாகவும் இருக்கலாம். மடியில் முடிந்துவைத்த காசு மாதிரி என்பதால் "மடித்தொகுதி" எனலாம். மனையோடு ஒட்டிய வாக்குரிமைக்கு "மனைவாக்கு" போதும்.

ஒற்று பற்றி ஒரு சொல். "உளுத்த" பெயரெச்சம், அதன் பின் ஒற்று மிகாது. எனவே "உளுத்தத் தொகுதி" என்று எழுதிவிட வேண்டாம்.