எதிர்வீட்டில் காலையில் கட்டிய வெள்ளைச் சட்டையை மாலையில் அவிழ்த்துவிட்டார்கள். நான் என்ன செய்யலாம்?

தையல்காரி_கிள்ளான்
14 ஜூலை 2021

வணக்கம். மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன், வீட்டிலேயே தையல் வேலை. மூன்று நாளாக ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நேரெதிரே ஒரு குடும்பம். அவர் லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். அவர் மனைவி, அந்தத் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. மூன்று பிள்ளைகள். ஜூன் 1ஆம் தேதி கொரோனாவுக்காக முழு அடைப்பு வந்ததிலிருந்து இரண்டு பேருக்குமே சம்பளம் இல்லை. இப்போது எங்கள் சிலாங்கூர் மாநிலத்துக்குப் பிகேபிடி என்னும் இன்னும் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாடு வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் கூட்டப் போனபோது அவர்கள் கேட்டில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. சின்னவனின் பள்ளிச் சட்டை. காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு கையையும் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. துணி காயப்போடுகிறவர்கள் அப்படிக் கட்ட மாட்டார்கள். அப்புறம்தான் புரிந்தது, வெள்ளைக் கொடி. ஜூன் கடைசியிலிருந்து பேஸ்புக்கில் பார்த்துக்கொண்டிருந்ததுதான். சாப்பாட்டுக்கு வழி இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், எதுவும் கேட்காமல் உதவி வரும் என்று. என் கண்ணெதிரே கட்டியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் உள்ளே போய் அரிசி, மைலோ, சாடின் மீன் டின் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் காரில் யாரோ வந்தார்கள். இரண்டு பை கொடுத்தார்கள், நல்ல மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தங்கச்சியையும் பிள்ளைகளையும் படம் எடுத்தார்கள். பத்து மணிக்குள் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது. கீழே முப்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். "இந்த வீடு நம்ம ரோட்டுலதானே?" என்று ஒருவர். மாலையில் பார்த்தேன், சட்டையைக் காணோம். அன்றிலிருந்து சன்னல் திரைகூடத் திறக்கவில்லை. என் பை இன்னும் என் வீட்டிலேயே இருக்கிறது.

நேற்று ஒரே நாளில் 11,079 பேருக்குத் தொற்று, 125 மரணம். ஐந்து இலக்கத்தைத் தொட்டது இதுதான் முதல் தடவை. குழுவில் ஒருவர் அரசாங்கம் சரியில்லை என்றார், இன்னொருவர் டெஸ்ட் அதிகம் எடுப்பதால்தான் என்றார், அடுத்த ஐந்து நிமிடத்தில் "இரவு வணக்கம்" என்று ரோஜாப்பூ. போன வருடம் மார்ச் 17ஆம் தேதி நாட்டில் முதல் இரண்டு பேர் இறந்தபோது நானும் வீட்டுக்காரரும் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. முகம் தெரியாத இரண்டு பேருக்காக. நேற்று 125 பேர் என்று படித்துவிட்டு நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஆகிவிட்டேனே என்று பயமாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டை முடிச்சு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்கள் மனம் நோகாமல் எப்படிக் கொடுப்பது? எங்களுக்கும் பெரிய வருமானம் கிடையாது, ஆனால் பகிர்ந்துகொள்ள இருக்கிறது.

----

ஈப்போ_அண்ணி
14 ஜூலை 2021

சம்பல் எஸ்ஓஎஸ் என்று ஒரு செயலி வந்திருக்கிறது. பக்கத்தில் எங்கே உணவு வங்கி இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். அதைப் பாருங்கள். இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கும் ஐ-சித்ரா திட்டத்துக்கு நாளை 15ஆம் தேதி முதல் விண்ணப்பிக்கலாம், மொத்தம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, மாதம் 1,000 வீதம் கிடைக்கும். அவர்கள் பெயரில் இபிஎஃப் இருந்தால் சொல்லிவிடுங்கள். வீட்டுக் கடன், மோட்டார் கடன் இருந்தால் ஆறு மாதம் தள்ளிவைக்கவும் வங்கியில் கேட்கலாம்.

படம் எடுத்ததைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. குழு நிர்வாகியிடம் சொல்லி அதை அழிக்கச் சொல்லுங்கள். முதல் வேலை அதுதான்.

----

தையல்காரி_கிள்ளான்
14 ஜூலை 2021

அண்ணி, நிர்வாகியிடம் சொல்லி அழிக்கவைத்துவிட்டேன். நன்றி. உணவு வங்கிக்கு அவர்கள் போக மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டார்கள். இனிமேல் தாங்களாகக் கேட்க மாட்டார்கள்.

----

சுங்கைப்பட்டாணி_தாத்தா
15 ஜூலை 2021

மகளே, எங்கள் கெடா மாநிலத்தில் முதலமைச்சரான மந்திரி புசாரே வெள்ளைக் கொடி கட்ட வேண்டாம், உதவி எண்ணை அழையுங்கள் என்றார். பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சியின் எம்பி ஒருவர் கொடியைத் தூக்காதீர்கள், கையை ஏந்தி இறைவனிடம் கேளுங்கள் என்றார். பசித்தவன் எதை உயர்த்த வேண்டும் என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்லக் கூடாது. எனக்கு 74 வயது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவன். அடைமழைக் காலத்தில் பால்மரம் சீவ முடியாது. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. அப்போது யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது லயம் முழுக்கத் தெரியும், புகை காட்டிக்கொடுத்துவிடும். என் அம்மா சோற்றைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க மாட்டார். வெறுங்கையோடு போய் "அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை குடு" என்பார். அவர்கள் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார்கள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே. சாயங்காலம் அந்தக் கிண்ணம் நிறைந்து திரும்பும். அவர்களும் வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் முதலில் கொடுத்தது அவர்கள்.

அந்தப் பிள்ளையிடம் ஏதாவது கேளுங்கள். பாத்திரத்தோடு கேளுங்கள்.

----

இரவு_ஷிப்ட்
15 ஜூலை 2021

நான் தாதி. சிலாங்கூரில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை, எது என்று சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இதைப் படித்தேன், எழுதாமல் படுக்க முடியவில்லை.

நடைவழியில்கூடக் கட்டில் போட்டிருக்கிறோம். எங்களோடு நிற்கும் ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டு 26ஆம் தேதி வெளிநடப்பு செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறேன், குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். தினமும் வரும் மரண அறிக்கையில் 'பிஐடி' என்று தனியாக ஓர் எண் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மருத்துவமனைக்கு வரும்போதே உயிர் இல்லாதவர்கள் அவர்கள். சிலர் தனக்குத் தொற்று என்றே தெரியாமல் இருந்திருப்பார்கள். சிலர் பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே இருப்பார்கள், உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சு முட்டும்போது நேரம் கடந்திருக்கும். அந்த வீட்டில் திரை திறக்காமல் இருப்பதற்கு வெட்கம் மட்டும்தான் காரணமா? யாருக்காவது காய்ச்சல் இருந்தால்? படம் பரவிய தெருவில் தொற்று என்று எப்படி வாய் திறப்பார்கள்?

தாத்தா சொன்னபடி போங்கள். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள். முடிந்தால் ஓர் ஆக்சிமீட்டர் கொண்டு போங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி. காலை, மாலை விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது, கை சில்லென்று இருக்கக் கூடாது. 95க்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம், அவசர எண் 999. எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் அதே 999தான்.

----

தையல்காரி_கிள்ளான்
18 ஜூலை 2021

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். அவர்கள் வாசலில் முருங்கை மரம் ஒன்று இருக்கிறது, எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்று, "தங்கச்சி, அம்மாவுக்கு முருங்கைக் கீரை ஆசையா இருக்காம், ஒரு கொத்து கிடைக்குமா?" என்று சத்தமாகக் கேட்டேன். அம்மாவுக்கு உண்மையிலேயே பிடிக்கும், பொய் சொல்லவில்லை. வெகு நேரம் யாரும் வரவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது மூத்த பெண் வந்தாள், பதினோரு வயது. தானே கொம்பை வளைத்துக் கீரையை ஒடித்து, ஓர் எவர்சில்வர் சட்டியில் போட்டு, கேட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். கிட்ட வரவில்லை. "கிட்ட வராதீங்க ஆன்ட்டி, அப்பாவுக்குப் பாசிட்டிவ்," என்றாள். இதைச் சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை, உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இரவு ஷிப்ட் தங்கச்சி, நீங்கள் கேட்டது சரிதான். திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்திருக்கிறார். லேசான அறிகுறிதான் என்று கையில் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். அவர் ஓர் அறையில், மற்ற நான்கு பேரும் கூடத்தில். வெளியே தெரிந்தால் கடைக்காரர்கூட வாசல் பக்கம் வர மாட்டார் என்று பயந்து மூடி வைத்திருக்கிறார்கள்.

சட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, பருப்போடு கீரைக் கூட்டு வைத்து, வீட்டுக்காரர் போய்க் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். கூடவே அந்தப் பை. ஆக்சிமீட்டர் எங்களிடம் இல்லை, என் நாத்தனார் ஒன்று வைத்திருந்தாள், அதை வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தங்கச்சி முதல் தடவையாக எனக்குப் போன் செய்தாள். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அக்கா, கீரையில பூண்டு போட்டீங்களா? சின்னவன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்," என்றாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள்.

இப்போது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவருடைய ஆக்சிஜன் அளவை எனக்குச் சொல்கிறாள். அளவெடுக்கும் நோட்டில், ரவிக்கை அளவுகளுக்கு அடுத்த பக்கத்தில் எழுதி வைக்கிறேன். வியாழன் இரவு 96. வெள்ளி 96, 95. அன்று இரவு நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவளை எழுப்பி மறுபடி பார்க்கச் சொன்னேன், அப்போதும் 95. சனி 96, 97. இன்று காலை 97.

தாத்தா, அந்தச் சட்டி நேற்று மறுபடியும் என் கேட்டுக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை முருங்கைக்காய்.