ஆறாம் வகுப்பு மராத்திக்கு யாராவது உதவ முடியுமா? (மும்பை சயான், மாட்டுங்கா பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஜூனில்தான் கோவையிலிருந்து சயானுக்குக் குடிவந்தோம். மகள் ஆறாம் வகுப்பு. மகாராஷ்டிராவில் 2020 சட்டப்படி எந்த போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். அரையாண்டு விடைத்தாளைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. தமிழில் நமக்கு ஒரே 'க', அங்கே அதற்கு நாலு எழுத்து. 'வீடு' என்பதற்கான சொல்லிலேயே முதலெழுத்தை மாற்றிப் போட்டு, சிவப்பு மையில் வட்டம். ளகரம் மட்டும் நம்முடையது மாதிரியே இருப்பதால் அதில் தப்பே இல்லை, பாவம்.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் இரண்டாம் பருவம். அதற்குள் தமிழும் மராத்தியும் தெரிந்த அக்கா யாராவது வாரம் இரண்டு மாலை சொல்லித்தர முடியுமா? கட்டணம் தந்துவிடுகிறேன். அப்புறம், போன வருஷத்து மராத்தி நோட்டு யார் வீட்டிலாவது இருந்தால் கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மறுநாளே திருப்பித் தருகிறேன்.